பத்துக் கணுக் கரும்பும் பேசாத இருவரும்

மாண்பும் மதிநலமும் ஒருங்கே பெற்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமகனார் வைத்திலிங்கம் அவர்களே! மாதர் சங்கத்தை மலர்ந்த முகத்தோடு நடத்திவரும் அம்மையார் ரத்தினம்மாள் அவர்களே! பெரம்பலூர்ப் பெரியோர்களே! ஜெயங்கொண்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இரண்டிலும் நின்றுகொண்டே வந்திருக்கும் தாய்மார்களே! எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் உழைப்பின் உருவங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பாலசுந்தரம் இருகரம் குவிக்கிறேன்.

நமது குடும்ப ஆலோசனை மையத்துக்கு இன்று ஒரு வயது. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டில் ஆலோசகனாக நான் கற்றது என்ன என்று பேசச் சொன்னார்கள். இருபது ஆண்டு மேடையில் முழங்கியவன் நான். கற்றது என்ன தெரியுமா? வாயை மூடிக்கொள்ளக் கற்றேன்! சிரியுங்கள், சிரியுங்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரி தனம்தான் உங்கள் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிக்கிறாள்.

தீர்வை நோக்கிய குறுகிய கால ஆலோசனை! அமெரிக்க மண்ணில் அண்மையில் அரும்பிய முறை இது. திருச்சியில் ஐந்து நாள் பயிற்சி. கற்றுக் கொடுத்தவர் ஜெகதாம்பாள் அம்மையார். முதல் நாள் பாடம் என்ன? எதிரே இருப்பவர் பேசுவதைப் பத்து நிமிடம் கேட்க வேண்டும், அறிவுரை கூடாது. மூன்றாவது நிமிடமே நான் எழுந்து நின்று, "இல்லறம் என்பது யாதெனில்..." என்று தொடங்கிவிட்டேன். அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா? "சார், இங்க மைக் கிடையாது. உக்காருங்க." உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் பாடம் ஏறியது. துன்பம் எங்கே தொடங்கியது என்று தோண்டாதே. துன்பம் எப்போது ஓய்ந்திருந்தது என்று கேள்! இரவு தூங்கும்போது ஓர் அதிசயம் நடந்து குறையெல்லாம் தீர்ந்துவிட்டால், காலையில் அதை எதைப் பார்த்து அறிவாய் என்று கேள்! பத்துக்கு இப்போது எத்தனையில் நிற்கிறாய், இன்னும் ஒரு படி ஏறினால் என்ன மாறியிருக்கும் என்று கேள்! கேள், கேள், கேள்! நீ சொல்லாதே, அவர் சொல்லட்டும்! இவ்வளவுதான் அடிப்படை. கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஊர் திரும்பிய முதல் வாரம் உடையார்பாளையம் பக்கத்துக் கணவன் மனைவி இருவர் வந்தார்கள். கரும்பு வெட்டுபவர்கள். அங்கமுத்து, ஆண்டாயி. அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பத்து மாதமாக ஒருவரோடு ஒருவர் பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை உறவுமுறை கூடி இருவரையும் அத்துவிடுவதென்று, அதாவது தாலி உறவை அறுத்துப் பிரித்துவிடுவதென்று, நாளும் குறித்தாகிவிட்டது. பத்தாண்டு வாழ்க்கைக்கு இன்னும் நான்கே நாள்!

என்ன? பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "சண்டை எதுக்கு சார்?" ஐயா, இன்று வரை எனக்குத் தெரியாது! நான் கேட்கவே இல்லை. உங்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கும் அன்று நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன்.

"எப்பவாவது நல்லா இருந்த நேரம் உண்டாம்மா?" என்று கேட்டேன். ஆண்டாயி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கட்டு தூக்கி வுடுறப்ப சார்." கரும்புக்கட்டைத் தனியாள் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். "தோட்டத்துல இருவது பேரு இருக்காங்க. யாரு வேணாலும் தூக்கி வுடலாம். ஆனா எங்க இருந்தாலும் இவருதான் வருவாரு. பேச மாட்டாரு. தூக்கி வுட்டுட்டுப் போயிடுவாரு."

அதிசயம் நடந்தால் எதைப் பார்த்து அறிவீர்கள் என்று அடுத்துக் கேட்டேன். "கொழம்பு ஊத்துறப்ப இப்ப கையாலதான் மறிக்கிறாரு சார். அன்னிக்கி 'போதும்'னு வாயால சொல்லுவாரு." தாய்மார்களே, ஒரு பெண் கேட்ட அதிசயம் இவ்வளவுதான்!

அடுத்தது பத்துக்கு எத்தனை. இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அவர்கள் எனக்கென்று கொண்டுவந்த கரும்பு மூலையில் சாய்ந்திருந்தது. பத்துக் கணு வரும்படி நுனியை ஒடித்துச் செங்குத்தாக நிறுத்தினேன். "ஒரு முனை ரொம்ப மோசம், ஒரு முனை ரொம்ப நல்லது. உங்க வாழ்க்கை எந்தக் கணுவுல இருக்கு?" ஆண்டாயி அடியிலிருந்து மூன்றாவது கணுவைத் தொட்டார். அங்கமுத்து அவரைப் பார்க்காமலே நான்காவதைத் தொட்டார். பத்துக்கு மூன்று, பத்துக்கு நான்கு! எனக்கு மனம் உடைந்தது. அத்துவிடுவதுதான் நல்லது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பயிற்சியில் சொன்ன கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி இருந்ததால் அதையும் கேட்டேன். "ஒரு கணு மேல போறதுக்கு என்ன செய்யலாம்மா?"

ஆண்டாயி என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மேல எதுக்கு சார் போவணும்? மேல போனா சப்புன்னு இருக்குமே! அடியிலதான சார் இனிப்பு!"

அவையோரே! எண் படித்த எனக்கு உச்சிதான் உயர்வு. கரும்பு வெட்டியவர்களுக்கு அடிதான் இனிப்பு. நான் மூன்று என்று மருகியது ஆண்டாயிக்கு எட்டு! நான் நான்கு என்று நொந்தது அங்கமுத்துவுக்கு ஏழு! பிரிய விருப்பம் இருவருக்குமே இல்லை. வேண்டாம் என்று சொல்ல யாராவது ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! அதற்குத்தான் ஆளில்லை.

நான் திகைத்து நின்றபோது அங்கமுத்து சிரித்துவிட்டார். சிரித்தவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "வுடு ஆண்டாயி. சாரு டவுன் ஆளு. கரும்பப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?" பத்து மாதத்தில் அவர் மனைவியிடம் பேசிய முதல் பேச்சு! என் முட்டாள்தனத்தைப் பற்றித்தான், ஆனாலும் பேச்சு பேச்சுதானே! ஆண்டாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்தே செய்தார். அந்த அறையில் என் அறிவுரை எதற்குத் தேவைப்பட்டது? ஒன்றுக்கும் இல்லை. இந்த முறையின் அடிப்படையை நான் கற்றது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை உறவுமுறை கூடியது. அத்துவிட வந்தவர்களுக்குக் கறிச்சோறு போட்டு அனுப்பினார்கள். நானும் போயிருந்தேன், அங்கமுத்துவுக்குப் பக்கத்து இலை. ஆண்டாயி குழம்பு ஊற்றி வந்தார். அங்கமுத்து கையை நீட்டி மறிக்கவில்லை. "போதும்" என்றார். ஆண்டாயி காதில் விழாததுபோல இன்னொரு கரண்டி ஊற்றினார். "போதும்டி" என்றார் மறுபடி. மூன்றாவது கரண்டியும் விழுந்தது. இலை நிரம்பிக் குழம்பு என் பக்கம் ஓடி வந்தது, என் வேட்டி பாழானது. அந்த வேட்டியை நான் இன்னும் வெளுக்கப் போடவில்லை.

அன்பர்களே! வீடு திரும்பியதும் உங்கள் மனிதர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம எப்ப நல்லா இருந்தோம்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், பதில் வரும்.

நேரம் முடிந்தது என்று தலைவர் மேசை மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஐயா, வேண்டாம். இன்று அந்த மணியை அடிக்கும் வேலையை நான்காவது வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இருவருக்குக் கொடுத்துவிடுவோம். அங்கமுத்து, எழுந்திருங்கள்! நான் பேசியது எப்படி? கூச்சப்படாமல் வாயால் சொல்லுங்கள்!

"போதும் சார்!"

கேட்டீர்களா? பொறுமையோடு செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!