இரும்புடல் மாஸ்டரின் தாடை

பல் டாக்டர்: ...வாயை மூடிக்கலாம் மாஸ்டர், இன்னும் பிடுங்கல. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி பாக்கி. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை ஏதாவது...

மாஸ்டர்: எனக்கா! நாப்பது வருஷமா பளு தூக்கக் கத்துக்கொடுக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? அடுத்த தெருவுல என் ஜிம் போர்டைப் பாத்ததில்லையா?

பல் டாக்டர்: பாத்திருக்கேனே. ‘இரும்புடல்’. போட்டோல மீசைகூடப் புடைச்சுக்கிட்டு நிக்குது.

மாஸ்டர்: அதெல்லாம் பொம்பளைங்களுக்கு வர்ற நோய் டாக்டர். இதோ, இவ சாப்பிடறா. வாரம் ஒண்ணு.

மனைவி: ஆமா... நான்தான். மருந்துக்கடையில என் பேர்லதான் வாங்கறது.

பல் டாக்டர்: எப்படிம்மா சாப்பிடறீங்க?

மனைவி: எப்படின்னா... காலையில காபியோட போட்டுக்கிட்டு, கொஞ்ச நேரம் படுத்து...

மாஸ்டர்: காபியோடவா! அடிப்பாவி! வெறும் வயித்துல, ஒரு டம்ளர் பச்சத்தண்ணி முழுசா. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, முதுகைச் சாய்க்கக் கூடாது!

பல் டாக்டர்: அட, அச்சுப் பிசகாம சொல்றீங்களே!

மாஸ்டர்: அட்டைப்பெட்டிக்குள்ள சீட்டு இருந்துச்சு... படிச்சேன்.

மனைவி: சாஞ்சா என்னவாம்?

மாஸ்டர்: என்னவாமா? நெஞ்சுக்குள்ள கொள்ளிக்கட்டையைச் செருகின மாதிரி எரியும்! போன மாசம் ரெண்டு நாள் எச்சிலைக்கூட முழுங்க முடியாம...

பல் டாக்டர்: யாருக்கு?

மாஸ்டர்: ...இவளுக்கு.

மனைவி: எனக்கா? எனக்கு எப்போ... சரி சரி, எனக்குத்தான்.

பல் டாக்டர்: அப்போ பிடுங்கிடலாம். எதுக்குக் கேட்டேன்னா, அந்த மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்குப் பல்லைப் பிடுங்கினா, எங்கேயோ ஒருத்தருக்குத் தாடை எலும்பு ஆறாமலே நின்னுடும். எலும்பு வெளியில தெரியும். முன்கூட்டியே சொல்லிட்டா, மாத்திரை எழுதின டாக்டரைக் கலந்துக்கிட்டு ஜாக்கிரதையா செய்வோம். ம்... ஆ காட்டுங்க.

மாஸ்டர்: இருங்க, இருங்க! குறடைக் கீழ வைங்க.

பல் டாக்டர்: மரத்துப்போக ஊசி போட்டுத்தான் மாஸ்டர்...

மாஸ்டர்: ஊசிக்கா பயம்? முதல்ல கதவைச் சாத்துங்க. உங்க கம்பவுண்டர் என் ஜிம்முக்கு வர்றவரு.

பல் டாக்டர்: சாத்தியாச்சு. எத்தனை வருஷமா?

மாஸ்டர்: ...ஆறு.

பல் டாக்டர்: அப்போ இன்னிக்குப் பல் தப்பிச்சுது. அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. அம்மாவுக்கு?

மாஸ்டர்: இவளுக்கு எதுக்கு? ஸ்கேன் எடுத்தவங்க, எலும்பு பாறை மாதிரி இருக்குன்னுட்டாங்க. அதான் எனக்கு விளங்கல டாக்டர். பளு தூக்கினவன் நான்...

மனைவி: நீங்க எங்கங்க தூக்கினீங்க? நாற்காலியில உக்காந்து விசில் ஊதினீங்க. எல்லாரும் போனப்புறம் அந்த இரும்பையெல்லாம் தூக்கித் தூக்கி அடுக்கினது நாப்பது வருஷமா நான்தானே!