பட்டனின் வியாழக்கிழமைகள்

பேரீச்சம்பழ ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிக்கு மாவை அதிகம் பிசையக் கூடாது. விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் சேர்க்க வேண்டும். எங்கள் பர்னி ஊரில் என் ஸ்கோனை வேண்டாமென்று சொன்னவர்கள் கிடையாது, சமீபத்தில் ஒருவனைத் தவிர. அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் கணவர் ஆல்ஃப் இறந்துபோன பிறகு நாய்க் காப்பகத்திலிருந்து பட்டனை எடுத்துவந்தேன். சின்னப் பெட்டை நாய். தொப்பி போட்ட ஆளைக் கண்டாலும், குப்பைத்தொட்டியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டாலும் வீட்டை இரண்டாக்கிவிடும். பிறகு கட்டிலுக்கடியில் போய் நடுங்கும். பாவமாக இருக்கும். அதனால்தான் மனாசேயை வரவழைத்தேன். பயந்த நாய்களைத் தேற்றுவது அவன் தொழில்.

டோங்கா தீவுக்காரன், வாசலை அடைக்கும் உடம்பு. வியாழன்தோறும் வருவான். வந்ததும் நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னோடு கதையடிப்பான்.

“நாயைப் பாக்க வந்தியா, ஸ்கோன் தின்ன வந்தியா?” என்பேன்.

“அவ என்னைப் பாக்கட்டும், நான் ஸ்கோனைப் பாக்குறேன். யாரும் யாரையும் அவசரப்படுத்தலையே ஆன்ட்டி. பொறுமையா இருந்தா எல்லாம் சரியாயிடும்.”

முறை எளிது. தூரத்தில் தொப்பி தெரிந்தால் பட்டனுக்கு ஒரு துண்டுக் கோழி. தொப்பி வாராவாரம் கொஞ்சம் கிட்டே வரும். நாங்கள் மூவரும் அவ்வளவு சிரித்தோம். ஆல்ஃபின் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்து சிரிப்பதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

குளிர்காலம் வருவதற்குள் குப்பைத்தொட்டி பக்கத்தில் உருண்டாலும் பட்டன் கொட்டாவி விட்டது. மனாசே என் கையைப் பிடித்து ஆட்டமே ஆடிவிட்டான்.

“ஜெயிச்சிட்டோம் ஆன்ட்டி. இனிமே உங்களுக்கு நான் தேவையே இல்ல.”

அதை என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த திங்களன்று ஆல்ஃபின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பட்டனைக் கராஜுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். குப்பைத்தொட்டியை மெதுவாக அதன் பக்கம் உருட்டினேன். கராஜில் நல்ல மூலை ஒன்று இருந்தது வசதியாகப் போயிற்று. அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. பயமுறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன், பழையதை ஞாபகப்படுத்தினேன். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் மறக்காமல் கோழித் துண்டு கொடுப்பேன். மனாசேயின் முறைதான், வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமைகள் திரும்பி வந்தன. ஒரே வருத்தம், மனாசேயின் சிரிப்புக் குறைந்துபோனது. “எங்க தப்பு பண்றேன்னே புரியல ஆன்ட்டி. வேற வேலை பாத்துக்கலாமான்னு இருக்கு” என்றான். தாளாமல் அவனுக்கு வெண்ணெயைக் கூடுதலாகத் தடவினேன். பட்டன் முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. அதற்கு வேளை தவறாமல் மருந்து போட்டதும் நான்தான்.

கடைசியில் அவன், “எங்க வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டுமே ஆன்ட்டி. இடம் மாறினா தேறுவாளோ என்னவோ” என்றான். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

வீடு வெறிச்சோடிப் போனது. வியாழன் வந்ததும் ஸ்கோன் சுட்டு எடுத்துக்கொண்டு நானே அவன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

முற்றத்தில் ஒரே கூத்து. தேவாலயத்துக்குப் புறப்பட்ட அவன் தாய்மாமன் பெரிய ஓலைத் தொப்பியோடு நின்றார். பிள்ளைகள் தங்களில் ஒருத்தியைக் குப்பைத்தொட்டியில் உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள். நடுவில் பட்டன் வயிற்றைக் காட்டி மல்லாந்து தூங்கியது. கால் புண்ணில் முடி முளைத்திருந்தது.

“வாங்க ஆன்ட்டி” என்று மனாசே வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தான். “பாத்தீங்களா நம்ம ராணிய?”

“பாத்தேன், பாத்தேன்” என்ற என் குரல் கேட்டுப் பட்டன் கண் திறந்தது. குரைக்கவில்லை. இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. பிறகு வயிறு தரையில் தேய ஊர்ந்துபோய் மனாசேயின் கால்களுக்குப் பின்னால் ஒடுங்கியது.

குப்பைத்தொட்டி ஊர்வலம் நின்றது. மனாசே நாயைப் பார்த்தான். என் தலையைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். அதில் தட்டு மட்டும்தான் இருந்தது.

“நீங்க தொப்பிகூடப் போட்டுட்டு வரலையே ஆன்ட்டி” என்றான் மெதுவாக.

தட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அவன் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

பட்டனை அவனே வைத்துக்கொண்டான். எனக்குக் கோபமில்லை. அதன் நல்லதுக்காகத்தான் நான் எல்லாமே செய்தேன், இன்று அது நன்றாக இருக்கிறது.

போன வாரம் ஒரு பண்ணைக்காரரிடம் குட்டி வாங்கிவந்தேன். பக்கத்து ஊர் டெவன்போர்ட்டில் நாய்களைத் தேற்றும் பெண் ஒருத்தி இருக்கிறாள். தொலைபேசியில் கேட்டேன், கலகலவென்று என்ன சிரிப்பு. வெள்ளிக்கிழமைகளில் வர முடியுமாம். குட்டிதான் இப்போதைக்கு எதற்கும் பயப்படுவதில்லை. பொறுமையாக இருந்தால் அதுவும் சரியாகிவிடும்.