மாரண்டஹள்ளி வெள்ளைப் பாம்பு

பாம்புச் செய்தியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, ஐயா. படத்தைப் பார்ப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நாலு பேருக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். நிருபர் வேலையில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

தீர்த்தமலை அடிவாரத்து இரட்டைத் தலைப் பாம்பு வெறும் மண்ணுளி. அதற்கு வாலும் தலை மாதிரி மொண்ணையாக இருக்கும். காரிமங்கலம் புற்றில் தரிசனம் தந்த வெள்ளை நாகம், நானே சுண்ணாம்பு பூசிய சாரை. சாரைக்கு விஷம் கிடையாது, பொறுமையும் கிடையாது. பூசி முடிப்பதற்குள் கையெல்லாம் கடித்துவிட்டது. உழைக்காமல் நான் ஒரு செய்தியும் எழுதியதில்லை.

சந்திரமோகன் சார் பாலக்கோட்டில் கணக்கு வாத்தியார். பாம்பைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது, என்னைப் பற்றித்தான் தெரியும். நான் செய்தி போட்ட ஊருக்கெல்லாம் ஈரத் துண்டோடு வருவார். கூட்டத்துக்கு நடுவில் பாம்பைப் பிடித்து அழுத்தித் துடைப்பார். பூசிய சுண்ணாம்பு துண்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை வீடியோ எடுத்துப் போடுவார். என் மகள் நிர்மலாவைக் கல்லூரியில் ‘சுண்ணாம்பு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்னொரு வீடியோ வந்தால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார். சந்திரமோகன் சார் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மாரண்டஹள்ளிப் பக்கம் மாயவன் என்கிற விவசாயியின் தோட்டத்தில் வெள்ளைப் பாம்பு வந்திருப்பதாகத் தகவல் வந்தது. தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியால் மூடி வைத்திருந்தார்.

“படம் எடுத்து ஆடுச்சுங்க. நாகாத்தா எங்க வூட்டுக்கே வந்துட்டா” என்றார் அவர் மனைவி காசியம்மாள்.

பெட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். நிறமே இல்லாமல் பிறந்த நல்ல பாம்பு. கண் சிவப்பாக இருந்தது. எனக்குக் கிடைத்த முதல் நிஜமான வெள்ளைப் பாம்பு அது. ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சூட்டோடு சூடாகச் சந்திரமோகன் சார் புறப்பட்டுவிட்டதாகத் தெரிந்தது. உடனே கணவன் மனைவி இருவரையும், பூஜைக்குப் பாலும் முட்டையும் மஞ்சளும் வாங்கி வரச் சொல்லி மாரண்டஹள்ளிக்கு அனுப்பினேன்.

“நாங்க வர்ற வரைக்கும் யாரையும் கிட்ட வுட்றாதீங்க” என்று காசியம்மாள் சொல்லிவிட்டுப் போனார்.

சார் வந்தபோது பாம்பு வெயிலுக்குச் சுருண்டு கிடந்தது. படம் எடுக்காத நல்ல பாம்புக்கும் சாரைக்கும் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் தொட்டித் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்தார்.

“உண்மையச் சொல்லுங்க கலைவாணன். இதுவும் சுண்ணாம்புதானுங்களே?”

“ஆமாங்க சார். சாரைதான். பொழப்பு அப்படி, என்ன பண்றது? வீடியோ மட்டும் போட்றாதீங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இத மொதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா நமக்குள்ள எதுக்குங்க சண்டை?” என்று என் தோளில் தட்டினார். போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக் கையை விட்டார்.

மணிக்கட்டில் கடித்துவிட்டு அது வரப்போரம் இறங்கிப் போனது. அவர் சிரித்தார். “சாரைக்கு ரோசத்தப் பாருங்க” என்றார்.

என்னிடம் பைக் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமும் இருந்தது. நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, “உக்காருங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க” என்றேன். உட்கார்ந்தார். அவர் பெண் சுமித்ராவுக்கு நிச்சயம் செய்திருப்பதைச் சொன்னார், எனக்கும் பத்திரிகை வைப்பதாகச் சொன்னார். பேசப் பேச நாக்கு குழறியது. இமை தானாக இறங்கியது.

“தூக்கமா வருதுங்க” என்றார்.

“வெயிலுங்க சார். கொஞ்சம் சாஞ்சுக்குங்க” என்றேன்.

காசியம்மாள் பாலோடு திரும்பி வந்தபோது சாருக்கு மூச்சு இல்லை. மறுநாள் நான் எழுதிய செய்தியில் பாம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஆசிரியரே பாராட்டினார்.

அவர் கண் செருகியபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என் பேச்சை நம்பியது அந்த ஒரு தடவைதான், ஐயா. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.