ஒடெசாவுக்குப் போன மஞ்சள் கடிதங்கள்

அன்று பத்திர அலுவலக மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம்: இறந்துபோன என் தம்பி ராயலின் மனைவி ஒடெசா, அவள் மகள் வெர்லீன், வீட்டை வாங்க வந்த கெசிங்கர், அலுவலகத்துப் பெண் மிஸ் டூலி, குடும்பத்துப் பெரியவன் என்ற முறையில் நான். காபி நன்றாக இருந்தது. எல்லோருக்கும் நான்தான் ஊற்றினேன்.

மெம்ஃபிஸில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கடிதத்தைப் பிரிப்பார்கள், எது நேரே குப்பைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் தொழிலில் இறங்கினேன். கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் போட்டு, மலிவாக ஒப்பந்தம் எழுதி வாங்கி, அந்த ஒப்பந்தத்தை லாபம் வைத்து இன்னொருவருக்குக் கைமாற்றுவது. சட்டத்தில் தவறில்லை. அச்சடித்த அட்டைகளுக்கு ஒருவரும் பதில் தரவில்லை. மஞ்சள் தாளில் கையால் எழுதி, தபால்தலையைச் சற்றுக் கோணலாக ஒட்டி அனுப்பியதும் அழைப்புகள் வந்தன.

வீட்டுவரி பாக்கி வைத்தவர்களின் பட்டியலில் ஒருநாள் எங்கள் குடும்பப் பெயரைக் கண்டேன். ராயலின் வீடு. எங்கள் அப்பா வரி பாக்கி வைத்ததே இல்லை. எங்கள் தேவாலயச் சபையார் கண்ணில் படுமுன் அந்தப் பெயர் அங்கிருந்து போக வேண்டும் என்று நினைத்தேன். நேரில் போய்க் கேட்டால் ஒடெசா கூசிப்போவாள். ஆகவே பிரென்டிஸ் என்ற பெயரில் எழுதினேன். பதில் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு கடிதத்தோடு நிறுத்துவதில்லை. மறுபடியும் எழுதினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"அண்ணே, இதப் பாருங்களேன். எழுத்து அப்படியே உங்க தம்பி எழுத்து மாதிரியே இல்ல? தூக்கிப் போடக் கை வரமாட்டேங்குது."

"அப்பா மேலேருந்து தபால் போடுறாராக்கும்," என்றாள் வெர்லீன். "அங்க ஸ்டாம்ப் யாரும்மா விக்கிறாங்க?"

"நீ சும்மா இருடி. அண்ணே, வித்துரச் சொல்றாரோ?"

"யோசிச்சுப் பாரும்மா," என்றேன்.

மறுநாள் இன்னொன்று எழுதினேன். இம்முறை அவசரப்படாமல், அப்பா எங்கள் இருவருக்கும் சொல்லித்தந்தபடி, நிறுத்தி நிதானமாக எழுதினேன். அந்த வாரமே ஒடெசா கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். தொலைபேசியில் பேச ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தேன். ஒப்பந்தம் கைக்கு வந்ததும், வழக்கம்போல் லாபம் வைத்துக் கெசிங்கருக்குக் கைமாற்றினேன்.

பத்திர அலுவலகத்தில் கெசிங்கரும் நானும் புதிதாகச் சந்திப்பவர்களைப் போலக் கைகுலுக்கினோம். வீட்டை இடித்துவிட்டுச் சரக்குக் கிடங்கு கட்டப்போவதாக முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

"வீட்ட நல்லா வச்சுக்குவாராண்ணே?" என்று ஒடெசா என் காதருகே கேட்டாள்.

"வச்சுக்குவார். கையெழுத்துப் போடும்மா."

போட்டாள். இப்போது மகள் வீட்டு முன்னறையில், சோபாவில் படுத்துக்கொள்கிறாள். அந்த வீடு இல்லை; வாசலில் ராயல் நட்ட பீக்கன் கொட்டை மரமும் இல்லை.

அவளைப் பார்க்க முடியாமல், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். வழக்கமாகப் பெயர் மட்டும் போடுகிறவன், நெஞ்சு உறுத்தியதால் நாலு வரி எழுதிவிட்டேன். வெர்லீன் அதை மஞ்சள் கடிதங்களோடு வைத்துப் பார்த்திருக்கிறாள். அதன்பின் சபையில் என் இருக்கைக்கு நான் போகவில்லை. தலை நிமிர்த்தி அங்கே உட்கார என்னால் ஆகாது.

ஆனால் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். செத்த தம்பியின் எழுத்தைப் பார்த்து நான் போலியாக எழுதினேன் என்று சபையில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். அது என் சொந்த எழுத்து. ராயலிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை.