குங்குமம் இல்லாத ரெண்டு பேட்டரி

ஹலோ… ஹலோ… சிங்காரம் அண்ணனா? …அண்ணே, வெண்மதி பேசுறேன். …புவனகிரி வெண்மதி, டீச்சரு. …ஆங், அதே பச்ச ஸ்கூட்டருதான். உங்ககிட்ட வாங்குன பேட்டரி ஸ்கூட்டரு. நின்னுபோச்சி அண்ணே.

…எங்கயா? நடு ரோட்டுல! புதுச்சத்திரம் தாண்டி, ஒரு டீக்கடை வாசல்ல நிக்கிறேன். மொதல்ல ஆமையாட்டம் ஊர்ந்துச்சி. அப்புறம் மீட்டர்ல மூணு கோடும் பொசுக்குனு அணைஞ்சிபோச்சி. கடைசி அர கிலோமீட்டரு தள்ளிக்கிட்டு வந்திருக்கேன், பட்டுப்புடவையோட.

…கடலூருக்குதான் போறேன். இன்னிக்கி எனக்கு சர்டிபிகேட் வெரிபிகேஷன். கவர்மென்ட் வேலை அண்ணே, கவர்மென்ட் வேலை! பத்தரைக்குள்ள உள்ள இருக்கணும், வரலன்னா அடுத்த பேர கூப்புட்டுடுவாங்க. ஆறு வருஷமா தனியார் பள்ளிக்கூடத்துல காத்துக்கிட்டு கெடந்து கெடச்சது. இப்ப மணி ஒம்போதேகாலு.

…பஸ்ஸா? போற எக்ஸ்பிரஸ் ஒண்ணும் நிறுத்த மாட்டேங்கறான். ஒம்போதரைக்கு ஒரு பஸ்ஸு இங்க நிக்குமாம், இந்த டீக்கடை அம்மா சொல்றாங்க. அது வர்ற வரைக்கும் உங்ககிட்ட ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னுதான் போன் போட்டேன்.

…இல்ல இல்ல, நீங்க பேசாதீங்க, நான் பேசுறேன். வாங்குறப்ப என்னா சொன்னீங்க? லைசென்ஸ் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம், பெட்ரோல் பங்குல கால் கடுக்க நிக்க வேணாம், ஒரு தடவ சார்ஜ் போட்டா கடலூரு போயிடலாம்… சொன்னீங்களா இல்லியா? …ஆமா. ஆமா. புயலடிச்சி ஊருல பாதி கரண்டு கம்பம் சாஞ்சி கெடந்தப்ப, கரண்டுல ஓடுற வண்டி வாங்குறாளே, பைத்தியமான்னு எல்லாரும் சிரிச்சாங்க. உங்க வாய நம்பிதான வாங்குனேன்?

…ஓடுச்சி. யாரு இல்லன்னா? பரிட்சை எழுத இதுலதான் கடலூருக்கு வந்தேன். போயி சேந்தப்பவும் மீட்டர்ல ஒரு கோடு மிச்சம் இருந்துச்சி. அதான் கேக்கறேன், ஆறு மாசத்துல என்னா கேடு வந்துச்சி அதுக்கு? தீபாவளிக்கு அப்புறம் ரெண்டு தடவ போன் பண்ணி சொன்னேன்ல, சார்ஜ் சீக்கிரம் எறங்குதுன்னு?

…ம். …ம். கரண்ட் கட்டு. தெரியும். பதினாலு மணி நேரம் கட்டு, ஒரு மணி நேரம் வந்தா ஒரு மணி நேரம் போவுது, அர சார்ஜ் ஏறி அர சார்ஜ் ஏறி பேட்டரி கெட்டுப்போவும். போன தடவயும் இதேதான் சொன்னீங்க, எனக்கு மனப்பாடமே ஆயிடிச்சி. அதனாலதான் நேத்து ரைஸ் மில்லுக்கு ஓட்டிக்கிட்டுப் போயி, ஜெனரேட்டர்ல ஆறு மணி நேரம் விடாம சார்ஜ் போட்டு எடுத்தாந்தேன். தவிட்டுத் தூசில உக்காந்துக்கிட்டு! பச்ச லைட்டு எரிஞ்சத ரெண்டு கண்ணால பாத்தேன். அப்புறமும் இருவது கிலோமீட்டருல படுத்துட்டா, அது கரண்ட் கட்டாலயா அண்ணே?

…ஏன் இழுக்குறீங்க? …யாரு இருக்காங்க கடையில? …சரி, கஸ்டமர் இருந்தா இருக்கட்டும். நானும் கஸ்டமருதான்.

…ஃப்யூஸா? …சீட்டுக்கு அடியிலயா? அது ஃப்யூஸு இல்ல அண்ணே, எனக்குத் தெரியாதா… சரி, சரி, உங்க திருப்திக்கு பாக்குறேன். இருங்க. …யம்மா, இந்த ஃபைல கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா? ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் இருக்குது, டீ கொட்டிடாம… ஆங்.

சீட்டத் தூக்கிட்டேன். ஃப்யூஸு நல்லாத்தான் இருக்குது. சொன்னேன்ல…

…

இருங்க அண்ணே.

…இருங்கன்னு சொல்றேன்ல! …இது என் பேட்டரி இல்ல.

…நாலும் இல்ல. ரெண்டு. ரெண்டு என்னோடது, ரெண்டு வேற. …எப்படித் தெரியுமா? ஆயுத பூஜைக்கி நாலுக்கும் நானே சந்தனம் தடவி குங்குமம் வெச்சேன். ஒண்ணொண்ணுக்கும் மூணு பொட்டு. இந்த ரெண்டுல இருக்குது. காஞ்சி கெடக்குது, ஆனா இருக்குது. அந்தப் பக்கத்து ரெண்டுல ஒண்ணுமில்ல. தொடச்சி வெச்ச மாதிரி… தொடச்சது இல்ல அண்ணே, முனையில பச்சையா பூத்துப்போயி கெடக்குது. எந்தக் காலத்துப் பழசோ. மாத்திட்டீங்க. என் பேட்டரிய மாத்திட்டீங்க!

…வேற யாரு? சர்வீஸு பண்றது நீங்க. சீட்டத் தூக்குறது நீங்க. பொம்பள ஓட்டுற வண்டி, அவ எங்க குனிஞ்சி பாக்கப்போறான்னு நெனச்சீங்க. அண்ணே அண்ணேன்னு கூப்புட்டதுக்கு நல்லா பண்ணீங்க அண்ணே.

…ஆடி மாசம் வந்ததுதானா? அதுக்கப்புறம் கடைக்கி வரலியா? …ஆமா… வரல. ஆயுத பூஜைக்கி அப்புறம் வரல. அது சரிதான். …அப்ப எப்படி மாறும்? பேட்டரிக்கி காலு மொளச்சி போச்சா?

…என்னாது? …எங்க வீட்டுலயா கேக்கணும்? அண்ணே, வார்த்தய அளந்து பேசுங்க. எங்க வீட்டுக்காரர இதுல இழுக்காதீங்க. ராஜவேலு பத்தி உங்களுக்கு என்னா தெரியும்? நான் உங்களுக்கு போன் பண்ணி கத்துனப்பல்லாம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, விடாத, இந்த ஆள கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்கலாம்னு சொன்னது அவுருதான். போனாப் போவுதுன்னு விட்டது நானு. தெரிஞ்சிக்கிங்க.

…ஏன் மென்னு முழுங்குறீங்க? பழைய பேட்டரி ரெண்டு யாருக்குக் குடுத்தீங்க? …எங்க வீட்டுக்காரருக்கா? கோழிக் கொட்டாயில லைட்டு போடறதுக்கா? எங்களுக்கு ஏது கோழிக் கொட்டா? ஒரு கோழிகூட கெடயாது எங்க வீட்டுல…

…

அண்ணே, பக்கத்துல யாரு பேசுறது?

…இல்ல, ‘சொல்லிடுங்க சிங்காரம்’னு ஒரு கொரலு கேட்டுச்சே. …கஸ்டமரா? பதினோரு வருஷமா கேக்குற கொரலு எனக்குத் தெரியாதா? குடுங்க. போன அவுருகிட்ட குடுங்க. …குடுங்கன்னா!

…

ஏங்க.

…நீங்களா. …உரக்கடைக்கி போறேன்னுட்டுதான போனீங்க? சிதம்பரத்துல, இந்த ஆளு கடையில என்னா பண்றீங்க?

…ம். …ம். …நல்ல பேட்டரி ரெண்டு வாங்கி, பைக்குல தூக்கியாந்து, வழியில என்னைய நிறுத்தி மாட்டிவுடலாம்னு. …ம். அப்ப நிக்கும்னு தெரியும் உங்களுக்கு. காலையில வாசல் கேட்டுகிட்ட நின்னு, பாத்துப் போன்னு கைய ஆட்டுனப்பவே தெரியும்.

…சொன்னீங்க. ஆமா, பஸ்ஸுல போயேன்னு ஒரு தடவ சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா? ஸ்கூட்டர நம்பாம பேசுறீங்கன்னு நான் நெனச்சி கோவப்பட்டேன். மில்லுக்கு ஓட்டிக்கிட்டு போனேனே, அந்தத் தவிட்டுல ஆறு மணி நேரம் உக்காந்துட்டு வந்தேனே, வந்தப்ப காப்பி போட்டுக் குடுத்தீங்களே… அப்ப வாயில என்னா இருந்துச்சி?

…அந்த நல்ல ரெண்டும் எங்க? …சும்மா சொல்லுங்க. …இருங்க, நானே சொல்றேன். மேல்பட்டாம்பாக்கத்துல இருக்குது. உங்க அக்கா வீட்டுல. இன்வெர்ட்டருல.

…எப்படி தெரியுமா? போன வாரம் புஷ்பவள்ளி அண்ணி போன்ல சொன்னாங்க. கரண்டு போனாலும் எங்க வீட்டுல இப்ப ஒரு லைட்டு ஒரு ஃபேனு ஓடுது, தம்பி செஞ்சி குடுத்துட்டான், இலக்கியா கொசுக்கடி இல்லாம படிக்குதுன்னு. நான் என்னா சொன்னேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரரு கை வெச்சா அப்பிடித்தான் அண்ணின்னு பெருமையா சொன்னேங்க. என் வண்டிய அறுத்து வெச்சிருக்கீங்கன்னு தெரியாம பெருமைப்பட்டுக்கிட்டேன். பாலுக்கும் காவலு, பூனைக்கும் தோழன். கூடவே உக்காந்து கோர்ட்டுக்கு போலாம்னு வேற சொன்னீங்க பாருங்க, அதத்தான் என்னால…

…அக்கா பொண்ணு பன்னண்டாவதுதான். தெரியும். பப்ளிக் எக்ஸாம். தெரியும்ங்க. நானும் டீச்சருதான். கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன். நாலையும் குடுத்திருப்பேன். இலக்கியாவுக்கு இல்லன்னு சொல்லியிருப்பேனா? ஒரு வார்த்த. வெண்மதி, புள்ளைக்கி வெளக்கு வேணும்னு ஒரு வார்த்த. அது உங்களுக்கு வரல.

…என்னாது? திருப்பி சொல்லுங்க. …பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டருதான. போவ நாலு, வர நாலு. அதுக்கு இந்தப் பழசு போதும்னு பாத்தீங்க.

…

சரி.

…இல்ல, அழுவல. காத்து அடிக்குது. லாரி போவுது.

…சரியாத்தான் கணக்கு போட்டிருக்கீங்க. எட்டு கிலோமீட்டரு. அவ்ளோதான் நான் போவேன். அதுக்கு மேல நான் எங்கயாவது போவேன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. பரிட்சையில பாஸ் பண்ணப்ப ஊரெல்லாம் லட்டு குடுத்தீங்களே, அப்பகூட தோணல. லட்டு வேற, பேட்டரி வேற.

ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காம பதில் சொல்லுங்க. நானும் இந்த பரிட்சைக்கு படிச்சேன்ல? ஏழு மாசம். கரண்டு இல்லாம, சிம்னி வெளக்குல, ஒரு கையில விசிறியும் ஒரு கையில புஸ்தகமுமா. வேர்வ சொட்டி நோட்டுல மை கலையும். நீங்க அங்கதான படுத்திருந்தீங்க? ரெண்டு பேட்டரிய மாட்டி ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. இந்த யோசனை உங்களுக்கு அப்ப ஏங்க வரல?

…

…சொல்லுங்க. பதில் சொல்லுங்க.

…தோணலியா. ம். …அப்ப வண்டிக்கி வேணும்னு… இல்ல, அப்ப வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு நெனச்சீங்களா? அப்படியாவது சொல்லுங்க, மனசு ஆறும். …இல்ல. தோணல. சரி.

…வேணாம். வர வேணாம். நீங்க சிதம்பரத்துலேந்து பைக்க எடுத்து, ஆத்துப் பாலம் தாண்டி, இங்க வந்து சேர முக்கா மணி நேரம் ஆவும். அப்புறம் மாட்டிக்கிட்டு நான் கடலூரு போறதுக்குள்ள என் பேரக் கூப்புட்டு முடிச்சிருப்பாங்க. …வேணாங்கறேன்ல. பேட்டரியும் வாங்காதீங்க. அந்தப் புள்ளகிட்டேந்து புடுங்கவும் புடுங்காதீங்க, எக்ஸாம் முடியிற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும். பாருங்க, திருப்பிக் குடுன்னு நான் சண்ட போடக்கூட முடியாத எடத்துல கொண்டுபோயி வெச்சிருக்கீங்க.

…வண்டி இங்கதான் நிக்கும். இந்த டீக்கடையில. ஆரோக்கியம்மாள்னு கேளுங்க, சாவிய அவுங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன். வந்து தள்ளிக்கிட்டு போங்க. …பைக்குல கட்டி இழுப்பீங்களோ, டெம்போ வெப்பீங்களோ, உங்க பாடு.

…யம்மா, அதுவா? …நிறுத்துங்க, நிறுத்துங்க, கைய காட்டுங்க! …ஃபைலு, ஃபைல குடுங்க. இந்தாங்க சாவி. மவராசியா இருப்பீங்க.

…ஹலோ. …கேக்குது. பஸ் வந்துடிச்சி, ஏறப்போறேன். …என்னா? …ம்… அதையும் இப்ப ஞாபகப்படுத்துறீங்களா. போஸ்டிங் பக்கத்து ஊரா வேணும்னு அவுங்ககிட்ட கேக்கணுமா. …இல்லீங்க. கேக்கல. எந்த ஊரு போட்டாலும் கையெழுத்து போட்டுட்டு வருவேன். மாவட்டத்துக் கடைசியில திட்டக்குடின்னா திட்டக்குடி. அங்கயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன். …உங்களையா? உங்கள எதுக்குங்க கேக்கணும்? நீங்க என்னைய கேட்டீங்களா?

…ஏறிட்டேன். …இல்ல, எடம் இல்ல, நின்னுக்கிட்டுதான் போறேன். …கோவம் இல்லீங்க. கோவமா இருந்தா சாயந்திரத்துக்குள்ள தீந்துடும். இது அது இல்ல.

…இருங்க, கண்டக்டர் வர்றாரு. …கடலூர் குடுங்க. …ஒண்ணுதாங்க. என்கூட யாரும் வரல.