அன்பளிப்பு: பரசுராமன்

குர்ஷித் பேகத்தின் கறிவேப்பிலைச் செடியைக் கொன்றது நான்தான். அதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. வண்டியிலிருந்து கேனை இறக்கும்போது மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் சாய்த்துவிட்டேன். உள்ளே இருந்தது மரக்காணத்துக் கடல் தண்ணீர். மொத்தமும் செடியின் காலடியில் போனது. கொஞ்ச நாளில் செடி மொட்டையாகிவிட்டது. "பரவால்லண்ணா, மார்க்கெட்ல கொசுறாவே தர்றாங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள். நான் போகும்போதெல்லாம் அதற்கு மன்னிப்புக் கேட்டேன், மனசாரக் கேட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் பரசுராமன். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறேன். கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர். அவ்வப்போது யாராவது எட்டிப் பார்த்து வஞ்சிரம் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மற்றபடி மரியாதைக்குக் குறைவில்லை. யார் வீட்டுத் தொட்டியில் மீன் கவிழ்ந்தாலும் எனக்குத்தான் போன் வரும். மீன் டாக்டர் என்று பேர். படிக்காமல் டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் இதுவரை ஆளைக் கொல்லாதவன் நான் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொள்வேன். கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

ஜியாவுல்லா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். குர்ஷித் அவன் மனைவி. கல்யாணமான புதிதில் அவள் என்னை அண்ணா என்றாள், நான் தங்கச்சி என்றேன், அது அப்படியே நிலைத்துவிட்டது. வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோன கையோடு ஜியாவுக்கு ஒரு ஆசை வந்தது. ஹாலில் கடல் வைக்க வேண்டும். பவளம், நத்தை, இறால், கோமாளி மீன், எல்லாம் உயிரோடு.

"அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம்டா" என்றேன். அவன் கேட்கவில்லை. மூடிப்போன ஜவுளிக்கடை ஒன்றின் ஷோகேஸ் கண்ணாடியைப் பிடித்து வந்து தொட்டியாக ஒட்டினான். சிமெண்டையும் கிளிஞ்சலையும் குழைத்துப் பாறை வார்த்து, காரம் போகும்வரை ஊறப்போட்டான். எல்இடி துண்டுகளை ஒட்டி நீல வெளிச்சம் கொண்டுவந்தான். காயலான் கடையில் கிடந்த வாட்டர் கூலரைப் பிரித்து, தண்ணீரைக் குளுமையாக வைக்கும் எந்திரத்தை அவனே செய்தான். கடல் தண்ணீருக்குக் கீழ்பென்னாத்தூர் வேடியப்பனின் காய்கறி வண்டி. அது மரக்காணம் பக்கம் போகிற நாளில் கேன்களோடு ஏறிக்கொள்வோம். ஆமாம், நானும்தான். நான்தான் ஆலோசகர்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். அந்தக் கூலருக்குள் இருந்தது செப்புக் குழாய். "செம்பு மட்டும் தண்ணியில படவே கூடாதுடா" என்றேன். எங்கள் தொழிலில் இது பால பாடம். தொட்டியில் நத்தை ஜாஸ்தியாகிவிட்டால் மயில்துத்தம் கரைத்துத் துளி விடுவோம், அது செம்புதான். அளவாகப் போட்டால் மீன் தாங்கிக்கொள்ளும், நத்தை செத்துவிடும். முதுகெலும்பு இல்லாத ஜீவன் எதையும் செம்பு விட்டுவைக்காது. பவளமும் அந்தக் கூட்டம்தான். என்னை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறது. ஜியா மறுபேச்சில்லாமல் செப்புக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டி வைத்தான்.

தொட்டி தோற்றுவிடும் என்று நினைத்திருந்தேன். தோற்கிற அன்றைக்கு அவன் தோளில் தட்டி, டீ வாங்கிக் கொடுத்து, விடுடா என்று சொல்ல வேண்டும். அதற்குத் தயாராகவே இருந்தேன். ஆனால் தொட்டி உயிர் பிடித்துவிட்டது. சென்னையில் ஒரு ஆர்வலர் கொடுத்த சுண்டுவிரல் நீளப் பவளத் துண்டுகள் பாறையில் பிடித்து, விரிந்து, காற்றே இல்லாத இடத்தில் அசைந்தன. கோமாளி மீன்கள் அதற்குள் படுத்துப் புரண்டன. கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தார்கள். பௌர்ணமிக்கு வந்த குடும்பங்கள் மலையைச் சுற்றிவிட்டு இவன் தொட்டியையும் ஒரு சுற்று சுற்றினார்கள். என் மகள் கவிநிலா பள்ளிக்கூடம் விட்டால் கடைக்கு வருவாள், மீனுக்குத் தீனி போடுவாள். அவள் நேராக வேங்கிக்காலுக்குப் போக ஆரம்பித்தாள்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். என் கடைத் தொட்டி நல்லா இருக்கா, அவன் தொட்டியா? கவிநிலா, "ரெண்டும் நல்லாருக்குப்பா" என்றாள். என் மனைவி பொன்னி, "அது கடல், இது கடை" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள். ஜியாவிடமே கேட்டேன். "எல்லாம் நீ கத்துக் குடுத்ததுதான மச்சி" என்றான். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நேராகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

குடிபோனபோது நான் கை வீசிக்கொண்டு போனவன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணன் என்றால் தங்கச்சி வீட்டுக்குச் சீர் செய்ய வேண்டாமா? ஆகவே பாத்திரக்கடைக்குப் போய்க் கனமான செப்புக் குடம் ஒன்று வாங்கினேன். பேர் வெட்டட்டுமா என்று கேட்டார்கள். வெட்டச் சொன்னேன். அன்பளிப்பு, பரசுராமன். ஆயுதத்தில் தன் பேரை எழுதிக் கொடுத்த குற்றவாளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பழம், பூ, வெற்றிலையோடு தட்டில் வைத்துக் கொடுத்தேன். குர்ஷித்துக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத பெண்.

தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகும். உப்பு அப்படியே நிற்கும், தண்ணீர் மட்டும் குறையும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜியா வேலைக்குப் போய்விடுவதால் அது குர்ஷித்தின் பொறுப்பு. நான் கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னேன். "தொட்டிக்கு ஊத்துற தண்ணிய முந்தின நாளே இதுல புடிச்சு வச்சு ஊத்தும்மா. கிருமி அண்டாது." செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதானே. நான் புதிதாக எதையும் சொல்லவில்லை.

அவள் சிரத்தையானவள். குடம் கறுக்க விடாமல் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக வைத்திருந்தாள். தேய்க்கத் தேய்க்கப் புதுச் செம்பு. நான் எதிர்பார்த்ததைவிட அது சீக்கிரம் வேலை செய்தது.

முதலில் நத்தைகள். பிறகு இறால்கள். பிறகு பவளம் ஒவ்வொன்றாகச் சுருங்கி, கூழாகி, வடிந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். வேறு எத்தனையோ வழி இருந்தும், மீனுக்குச் சேதம் இல்லாத வழியாகத்தான் நான் பார்த்தேன். எனக்கு மீன்கள் என்றால் உயிர்.

ஜியா என்னைத்தான் கூப்பிட்டான். போனேன். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து யோசித்தேன். வெளிச்சம் ஜாஸ்தி என்றேன், குறைத்தான். உப்பு கம்மி என்றேன், கூட்டினான். அவன் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான். நான் பிரியாணி பொட்டலம் வாங்கிப் போய் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தேன். தோளில் தட்டி, விடுடா என்றும் சொன்னேன். அந்த நாட்களில் எங்கள் நட்பு பழையபடி இருந்தது. கவிநிலாவும் கடைக்கு வர ஆரம்பித்தாள்.

சென்னைக்காரர் ஒரு சோதனை மருந்து அனுப்பிவைத்தார். குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, துளி விட்டு, நிறம் பார்க்க வேண்டும். நானும் பக்கத்தில் இருந்தேன். நிறம் மாறியது. செம்பு.

"செம்பு எங்கருந்துடா வரும்?" என்று ஜியா என்னைப் பார்த்துக் கேட்டான். அப்போதுதான் குர்ஷித் அடுக்களையிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர்.

அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டான். "உனக்கு அறிவிருக்கா? குடிக்கிறதுக்குக் குடுத்த குடத்துல புடிச்சு ஏன் இதுல ஊத்துன? இவன் மொதல் நாளே சொன்னான், செம்பு ஒரு துண்டுகூடத் தண்ணியில படக்கூடாதுன்னு. இவன் பேச்சக் கேட்டுத்தான் குழாயக்கூட மாத்துனேன். நீ மொத்தத்தையும் கொன்னுட்டியே."

குர்ஷித் என்னைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். நான்கூட ஜியாவைச் சமாதானம் செய்தேன். "விடுடா, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்" என்று.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொட்டியை வடித்துவிட்டான். கோமாளி மீன்களை வாளியில் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். "உங்கிட்டதான்டா பத்திரமா இருக்கும்." நான் கேட்கவில்லை, அவனாகவே கொடுத்தான். இப்போது கடையில் அவற்றுக்கென்று ஒரு தொட்டி. நல்ல கூட்டம் வருகிறது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு மதியம், ஜியா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். வாசல் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எப்போதும் உள்ளே வாங்கண்ணா என்பவள், அன்றைக்குத் தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"தெரியாமச் சொல்லிட்டேம்மா" என்றேன். "செம்புன்னா எனக்குக் குழாய்தான் ஞாபகம். குடத்தப் பத்தித் தோணவே இல்ல. நீ நம்புற இல்ல?"

"இல்லண்ணா" என்றாள் குர்ஷித். குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சுதான் சொன்னீங்க. அன்னிக்கு நீங்க என் மூஞ்சியப் பாக்கலயே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. அவர்கிட்ட சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு. அப்புறம் அவருக்குத் தொட்டியும் இல்ல, நீங்களும் இல்ல. வேற யாரு இருக்காங்க அவருக்கு? என்னைத் திட்டுனா எத்தினி நாளைக்குத் திட்டுவாரு, சோத்துக்கு என்கிட்டதான வரணும். அதான் வாயத் தொறக்கல. நீங்க அவரப் பாக்க எப்பவும் போல வாங்க, போங்க. என்னைத் தங்கச்சின்னு மட்டும் இனிமே கூப்பிடாதீங்க."