நான்கு எலுமிச்சை மிட்டாய்கள்

எனக்கு இனிப்பு பிடிக்காது. ஆனாலும் இருபத்திரண்டு வருடமாக என் சட்டைப்பையில் எப்போதும் நான்கு எலுமிச்சை மிட்டாய்கள் இருக்கும். எல்லாம் அமைச்சர் லட்சுமணசாமிக்காக; நான் அவருடைய உதவியாளன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது எனக்கும், கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரியும். அவருடைய அப்பா அரங்கசாமியும் அமைச்சராக இருந்தவர். வியாதிக்காரர் என்று பேச்சு கிளம்பியதும் கட்சி அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. அதைப் பார்த்த மகன், தன் வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போடுவது நான்தான். மேடையில் சர்க்கரை அளவு இறங்கி அவருக்கு வேர்த்துக் கை நடுங்கினால், தொண்டர்கள் போர்த்தும் சால்வையைப் பின்னாலிருந்து வாங்குவதுபோல் வாங்கி, அதன் மறைவில் மிட்டாயை அவர் உள்ளங்கையில் வைப்பேன். ஒரு கேமராவும் அதைப் பார்த்ததில்லை.

தான் எம்.பி.யாகி டெல்லிக்குப் போகும்போது தொகுதி எனக்கு என்று மூன்று தேர்தல்களாகச் சொல்லிவந்தார். இந்த முறை போகிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "அம்மணியே நிக்கட்டும் பிரான்சிஸு. நீ மைக்கைப் புடிச்சுப்போட்டா எனக்கு மிட்டாய் யாரு குடுப்பா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

பெரியநாயக்கன்பாளையம் கூட்டத்தில் மகள் தேஜஸ்ரீயை அவர் வேட்பாளராக அறிமுகம் செய்வதாக இருந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லி மதியச் சாப்பாட்டை நான் தள்ளிப்போட்டேன். ஏழாவது சால்வையின்போது அவர் கை பின்னால் நீண்டது. நான் சால்வையை மட்டும் வாங்கி மடித்தேன். கை மறுபடியும் நீண்டது. எட்டாவதையும் மடித்தேன்.

அவர் சரிந்தபோது சாலையின் எதிர்ப்புறத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது.

"நம்ம ஆர்.எஸ்.புரம் டாக்டர்கிட்டயே போயிரலாமுங்க" என்றேன். எல்லோரும் சரி என்றார்கள்.

காரில் அவர் தலை என் மடியில் இருந்தது. முன் சீட்டிலிருந்து தேஜஸ்ரீ திரும்பி, "அப்பாவுக்கு என்னாச்சுங்க அங்கிள்?" என்றாள்.

"வெயிலுதான் கண்ணு. செரியாப் போயிரும்."

அவர் விரல்கள் என் சட்டைப்பையைத் துழாவின. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து அவள் அழுதாள். கவுண்டம்பாளையம் நெரிசலைத் தாண்டும்போது கை தளர்ந்தது.

அன்று காலை ஊசியில் மருந்தைக் கூட்டியதும் நான்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நம்பிக்கைத் துரோகம் என்று மட்டும் எழுதாதீர்கள். வாக்குத் தவறியவர் அவர். அவருக்குச் சர்க்கரை என்று கடைசிவரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.